வெறுமையாகக் கிடந்த கட்டம் (என் அனுபவம்)

கிளிநொச்சியில் கணக்கு எழுதும் வேலை, இரணைமடு வாய்க்காலுக்குப் பக்கத்தில் வீடு, வெளியில் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் 6 மாதமாக விடிய எழும்பியதும் "இதெல்லாம் எதுக்கு?" என்ற கேள்வி வந்து நிற்கும், அன்றைக்கு முழுக்க ஒரு வேலையும் ஓடாது.

முதலில் யூடியூப் பேச்சுகள். கேட்கும்வரைதான் உற்சாகம். அப்புறம் 'என் இலட்சியம்' என்று கொப்பியில் எழுத உட்கார்ந்து 4 நாள் போனது. எழுதியதெல்லாம் அடுத்தவர் ஆசை மாதிரி இருந்தது. முறிகண்டிப் பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைத்தேன், மனம் கொஞ்சம் அடங்கியது, கேள்வி அடங்கவில்லை.

சரிவந்தது இதுதான். செய்ய வேண்டியதை எழுதுவதை விட்டுவிட்டு, யாரும் கேட்காமல் நானாகச் செய்ததை மட்டும் 2 கிழமை எழுதினேன், தொடங்கிய நேரத்துக்கு ஒரு கட்டம், முடித்த நேரத்துக்கு ஒரு கட்டம். கவனிக்க வேண்டியது இங்கேதான்: 5 இடத்தில் முடித்த நேரம் வெறுமையாகக் கிடந்தது. ஐந்தும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு விறாந்தையில் கணக்குச் சொல்லிக்கொடுத்த நாட்கள். மணிக்கூட்டைப் பார்க்கவே இல்லை. 2009இல், போரால் இடம்பெயர்ந்திருந்தபோது, தறப்பாள் கொட்டிலுக்குள் ஒரு அக்கா எனக்குப் பின்னக் கணக்கைத் தடியால் மண்ணில் கீறிக் காட்டியது அன்று இரவுதான் ஞாபகம் வந்தது.

இப்போது செவ்வாயும் வியாழனும் மாலை 5.30க்கு வகுப்பு. அந்த நாட்களில் மேலதிக வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், சம்பளம் கொஞ்சம் குறைகிறது. சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிற 3 பேர் வருகிறார்கள். ஒருத்திக்கு இன்னும் பின்னம் பிடிபடவில்லை, வாற செவ்வாய் தோடம்பழம் வெட்டிக் காட்டப் போகிறேன்.