டெஸ்ட் கிட்டில் பூஜ்யம், டேங்கில் வெளுத்த கோரல்: வேலூர்க்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரீஃப் டேங்க் (வீட்டில் கோரல், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வைத்திருக்கும் பலருக்கு, தண்ணீரில் கரைந்திருக்கும் நைட்ரேட், பாஸ்பேட் சத்துகள் என்றாலே அழுக்கு. டெஸ்ட் கிட்டில் இரண்டும் பூஜ்யம் காட்டிவிட்டால் நிம்மதியாகத் தூங்குவார்கள். சில வாரங்களில் பச்சையும் ஆரஞ்சுமாக இருந்த சோவாந்தஸ் வகைக் கோரல் வெளிறிச் சுருங்கும். பழி லைட் மேல் விழும்.

கோரலின் சதைக்குள் ஸூசாந்தெல்லே என்ற நுண்பாசி குடியிருக்கிறது. அது பழுப்பு நிறம். நாம் காசு கொடுத்து வாங்கும் பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு எல்லாம் பெரும்பாலும் கோரல் தானே உண்டாக்கும் நிறப்புரதங்கள். நைட்ரேட் ஏறினால் நுண்பாசி பெருகி, பழுப்பு மற்ற நிறங்களை மூடிவிடும். சத்தே இல்லாமல் போனால் பாசியும் குறையும், கோரலும் பட்டினியில் வெளுக்கும். சாஃப்ட் கோரல் (மென்பவளம்) டேங்குக்கு நைட்ரேட் 5 முதல் 15 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்), பாஸ்பேட் 0.05 முதல் 0.1 பி.பி.எம். வரை இருக்கலாம். இந்த வாரம் 6, அடுத்த வாரம் 14, மறுபடி 5 என்று ஆடும் டேங்கைவிட, 14-லேயே அசையாமல் நிற்கும் டேங்கில் நிறம் நன்றாக வரும்.

தவறுகளிலேயே மோசமானது, நைட்ரேட்டை அப்படியே விட்டுவிட்டு பாஸ்பேட்டை மட்டும் துடைத்தெடுப்பது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: நைட்ரஜன் அதிகமாகவும் பாஸ்பேட் பற்றாக்குறையாகவும் இருக்கும்போது, கோரல் வெப்பத்துக்கும் வெளிச்சத்துக்கும் சீக்கிரம் வெளுத்துப்போகிறது. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் இருக்கிறோம். தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் இல்லாமல் ஃபேன் காற்றில் காலம் தள்ளும் டேங்கில் பாஸ்பேட் பூஜ்யம் என்றால், அக்னி நட்சத்திரத்தில் கோரலை நிராயுதபாணியாக நிறுத்துவதாகத்தான் அர்த்தம். கோடை தொடங்கும் முன் பாஸ்பேட் 0.05-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில்லர் வாங்குவதைவிட இது மலிவு.

அந்த ஃபேனிலேயே இன்னொரு சிக்கல் இருக்கிறது. காற்று பட்டால் தண்ணீர் ஆவியாகும், அதில் கரைந்திருந்தது எல்லாம் டேங்கிலேயே தங்கிவிடும். 100 லிட்டர் டேங்கில் தினம் 3 லிட்டர் ஊற்றி நிரப்புகிறீர்கள் என்று வையுங்கள். ஊற்றும் தண்ணீரில் 20 பி.பி.எம். நைட்ரேட் இருந்தால் ஒரு நாளைக்கு 0.6, ஒரு மாதத்துக்கு 18 பி.பி.எம். அப்படியே சேரும். மீனுக்குப் போடும் தீனி கணக்கிலேயே இல்லை. போர் தண்ணீரில் 20 என்பது அதிசயமும் இல்லை. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் உச்சவரம்பே லிட்டருக்கு 45 மில்லிகிராம். நமக்குக் குடிக்க ஆகும் தண்ணீர் கோரலுக்கு ஆகாது.

"வீட்டில் ஆர்.ஓ. இருக்கே" என்பார்கள். வீட்டு ஆர்.ஓ.வில் பலவற்றில் சுவைக்காக, சுத்திகரிக்காத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் அமைப்பு உண்டு. கேன் தண்ணீரும் இதே கதைதான். ஆர்.ஓ.வுக்குப் பின்னால், மிச்ச உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குழாய் ஒன்றை வைத்து, டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) மீட்டரில் 0 வந்த தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். பழுப்படைந்த டேங்குகளில் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான், பாதிப் பிரச்சினை அங்கேயே தெரிந்துவிடும்.

டெஸ்ட் கிட் விஷயத்தில் இரண்டு குழப்பங்கள். சாதாரண கடைகளில் கிடைக்கும் சில பாஸ்பேட் கிட்டுகளின் அட்டையில் பூஜ்யத்துக்கு அடுத்த படியே 0.25. நமக்கு வேண்டிய 0.05-ஐ அதில் பார்க்கவே முடியாது. டிஜிட்டல் மீட்டரில் சில மாடல்கள் பாஸ்பரஸை பி.பி.பி.யில் (பி.பி.எம்.மில் ஆயிரத்தில் ஒரு பங்கு) காட்டும், அதை 3.07-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால்தான் பாஸ்பேட் பி.பி.எம். அதேபோல நைட்ரேட்-நைட்ரஜன் என்று காட்டும் கிட்டில் வரும் எண்ணை 4.4-ஆல் பெருக்க வேண்டும். இன்னொன்று: கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி, கிட்டில் பூஜ்யம் என்றால் சத்து இல்லை என்று நம்பாதீர்கள். பாசி தின்றுகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

குறைக்க வேண்டியிருந்தாலும் அவசரம் ஆகாது. பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்ஸைடு மணிகளை டப்பாவில் போட்டிருக்கும் அளவில் பாதி போடுங்கள், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சோதியுங்கள். டேங்கில் இருக்கும் லைவ் ராக் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் பாறை) பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாகத் திருப்பி விடும், அதனால் ஒரே ஒரு ரீடிங்கை வைத்து முடிவெடுக்க முடியாது. வினிகர், வோட்கா ஊற்றி, இந்தச் சத்துகளைத் தின்னும் பாக்டீரியாவை வளர்க்கும் முறையும் உண்டு. நம் ஊருக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு, பாக்டீரியா பெருகினால் இன்னும் குறையும், ராத்திரி கரண்ட் போய், காற்றுக் குமிழால் அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மர் நின்றால் காலையில் மீன் மிதக்கும்.

சத்து போதவில்லையா? மீனுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தீனி போடுங்கள், போதும்.

நிறத்துக்காக ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் கடலில் எடுத்த கல்பவளத்தை வாங்குவது வேறு வகைத் தவறு. பாறை கட்டும் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. யார் கொண்டுவந்து கொடுத்தாலும் வேண்டாம்.

நிறத்தை நீல லைட்டில் பார்த்து எடை போடாதீர்கள், அதில் எல்லாமே மின்னும். வெள்ளை லைட்டில், ஒரே நேரத்தில், வாரம் ஒரு போட்டோ எடுங்கள். ஒரு மாற்றம் செய்தால் நாலு வாரமாவது கை வைக்காதீர்கள். அதற்குள் சென்னை கொளத்தூரின் அலங்கார மீன் கடைகளுக்கு வண்டி ஏறி ஒரு கலர் பூஸ்டர் பாட்டில் வாங்கி ஊற்றிவிட்டால், நிறம் வந்தாலும் எதனால் வந்தது என்று உங்களுக்குத் தெரியாது.