வாட்டில் நிற்கும் மாணவர் தலைமைத்துவம் பழகுவது எப்படி?

யாழ் போதனா வைத்தியசாலையின் வாட்டுக்குள் முதன்முதலாகக் காலடி வைக்கும் மாணவருக்கு, யாரையும் வழிநடத்தும் இடத்தில் தான் இல்லை என்ற எண்ணமே முதலில் தோன்றும். வைத்திய நிபுணர், வைத்திய அதிகாரி, உள்ளகப் பயிற்சி வைத்தியர், பொறுப்புத் தாதிய உத்தியோகத்தர் என்று வரிசை நீள, அதன் கடைசியில் அவர் நிற்கிறார். ஆயினும் ஒரே நோயாளியின் கட்டிலருகே ஆறுதலாக இருந்து கதைக்க நேரம் கிடைப்பதும் பெரும்பாலும் அவருக்கே. அதனால் மற்றவர் கண்ணில் படாத ஒன்று அவர் கண்ணில் படுகிறது. கண்டதை உரியவரிடம் உரிய நேரத்தில் விளங்கும்படி சொல்லி, அதற்கு ஒரு முடிவு கிடைக்கும்வரை விடாமல் நிற்பதையே நான் இங்கே தலைமைத்துவம் என்கிறேன். மருத்துவம், தாதியம், குடும்பநல சேவை என எதைக் கற்பவரும் இதைப் பழகலாம்.

முதலாம் படி: ஒரு வாரம் கவனியுங்கள்

சிறிய கொப்பி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வேலையை யார் யாரிடம் ஒப்படைக்கிறார், ஒப்படைத்த வேலை எங்கே தங்கிவிடுகிறது, அவசரம் வந்தால் எல்லோரும் யாரைத் தேடுகிறார்கள் என்பவற்றை மட்டும் குறியுங்கள். நோயாளியின் பெயரோ கட்டில் இலக்கமோ அதில் இருக்கக் கூடாது. பல வருடங்கள் வாட்டிலே வேலை செய்த சிற்றூழியர் ஒருவரின் சொல்லுக்கு அங்கே எவ்வளவு மதிப்பு உண்டு என்பதை இந்த வாரத்தில் நீங்கள் காண்பீர்கள்.

இரண்டாம் படி: நான்கு கூறாகச் சொல்லப் பழகுங்கள்

இதற்கே அதிக நாட்களைச் செலவிடுங்கள். சொல்ல வேண்டியதை நிலைமை, பின்னணி, மதிப்பீடு, வேண்டுகோள் என்று பிரித்துச் சொல்லும் முறை, அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து பின்னர் வைத்தியசாலைகளுக்கு வந்தது.

வடகீழ்ப் பருவமழையோடு டெங்கு பெருகும் மார்கழி மாத இரவு ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். காய்ச்சலின் ஐந்தாம் நாளில் இருக்கும் இளைஞனுக்குச் சூடு தணிந்துவிட்டது; தாயாருக்கு நிம்மதி. ஆனால் குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசியும் ஆபத்தான 24 முதல் 48 மணித்தியாலங்கள் பெரும்பாலும் காய்ச்சல் தணியும் இந்த வேளையிலேயே தொடங்குகின்றன. மாலையில் 110/70 ஆக இருந்த குருதி அமுக்கம் இப்போது 90/70. மேலளவுக்கும் கீழளவுக்கும் உள்ள வித்தியாசம் 40இலிருந்து 20க்குச் சுருங்கிவிட்டது. 20 அல்லது அதற்குக் குறைவு என்பது டெங்கில் அதிர்ச்சி நிலைக்கான, அதாவது உடலுக்குப் போதிய குருதியோட்டம் கிடைக்காமல் போவதற்கான அடையாளம்.

“டொக்டர், ஆறாம் கட்டில் ஆளுக்குப் பிறஷர் குறையுது போல” என்று சொன்னால், கேட்பவருக்கு எவ்வளவு அவசரம் என்று விளங்காது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “டொக்டர், நான் நான்காம் ஆண்டு மாணவி. ஆறாம் கட்டில் நோயாளிக்கு இப்ப பிறஷர் 90/70, நாடித்துடிப்பு 120, கை கால் குளிர்ந்திருக்கு. டெங்கு, காய்ச்சல் ஐந்தாம் நாள். பின்னேரம் 110/70 இருந்தது, ஆறு மணித்தியாலமாச் சலமும் குறைவு. திரவக் கசிவு தொடங்கியிட்டுது எண்டு நினைக்கிறன். உடனே வந்து பார்ப்பீங்களோ?”

இதற்கு அரை நிமிடம் போதும். மாணவர் தயங்குவது மூன்றாம் கூறில். தன் கணிப்பு பிழையாகிவிடுமோ என்ற பயமே காரணம். கணிப்பு பிழைத்தால் வைத்தியர் திருத்துவார். நோயாளி நட்டப்படப் போவதில்லை. விடுதி அறையில் நண்பர் ஒருவரோடு தினமும் ஒரு நோயாளியை வைத்து இதைச் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்.

மூன்றாம் படி: கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள்

“மணிக்கொரு தடவை பிறஷர் பார்க்கவும்” என்று சொல்லப்பட்டால், “மணிக்கொரு தடவை பார்த்து அட்டவணையில் எழுதுகிறேன்” என்று திருப்பிச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் முடிந்தது என்று போய்ச் சொல்லுங்கள்.

நான்காம் படி: செவிசாய்க்காதபோது மறுபடி சொல்லுங்கள்

நான் மாணவனாக இருந்த காலத்தில், ஒரு வாட்டில் வயோதிப அம்மா ஒருவரின் சிறுநீர் அளவு எழுதப்படாமல் பல மணித்தியாலங்கள் கடந்திருப்பதைக் கண்டேன். ஒரு தடவை மெல்லிய குரலில் சொன்னேன், யாரும் திரும்பவில்லை, பேசாமல் இருந்துவிட்டேன். இரவு கடமைக்கு வந்த மிஸ்ஸி கண்டுபிடித்து வேண்டியதைச் செய்தார். அந்த அம்மா சுகமாக வீடு போனார் என்றாலும், என் மௌனம் இன்றும் என்னை உறுத்துகிறது.

ஆகவே படிப்படியாக ஏறும் மூன்று வாக்கியங்களைக் கைவசம் வைத்திருங்கள். “எனக்குக் கவலையாக இருக்கிறது.” அதற்கும் பலன் இல்லையென்றால், “இப்படியே விட எனக்கு மனம் ஒப்பவில்லை.” கடைசியாக, “இது நோயாளியின் பாதுகாப்புப் பற்றிய விடயம்.” குரல் உயர வேண்டியதில்லை, சொல் மட்டும் உறுதிப்பட்டால் போதும். அதன் பின்னரும் அசைவில்லையெனில், பொறுப்புத் தாதிய உத்தியோகத்தரிடமோ உங்கள் விரிவுரையாளரிடமோ செல்லுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், கீறலுக்கு முன் ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும் என்ற விதி உண்டு. ஒரு தடவை வாய் திறந்தவருக்கு மறுதடவை திறப்பது எளிது என்பதே அதன் பயன்களுள் ஒன்று.

ஐந்தாம் படி: மொழிக்கு நடுவே நில்லுங்கள்

யாழ் மருத்துவபீடத்தில் சிங்கள மாணவரும் கற்கிறார்கள். நோயாளிகளோ பெரும்பாலும் தமிழர். சக மாணவருக்கு நோயாளியின் கதையை மொழிபெயர்க்கும்போது சுருக்காதீர்கள். “நெஞ்சுக்குள்ளை எரியுது, தோள்மூட்டுக்கு இழுக்குது” என்பதை வெறும் ‘நெஞ்சு நோ’ ஆக்கினால், கேட்கப்பட வேண்டிய அடுத்த கேள்வி பிறக்காமலே போய்விடும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தபோது நூல்களைத் தமிழாக்கி, பின்னாளில் தமிழிலேயே பாடம் நடத்தினார். நோயாளியின் மொழியில் விளக்கத் தெரிந்தவரை ஊர் நம்பும் என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்றே நான் கருதுகிறேன்.

ஆறாம் படி: ஒரே ஒரு சிறு மாற்றம்

அளக்கக்கூடிய ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். கை சுத்தம் நல்ல தொடக்கம். பொறுப்பானவரிடம் அனுமதி பெற்று, நோயாளியைத் தொடுவதற்கு முன்னான இருபது சந்தர்ப்பங்களில் எத்தனை தடவை கை சுத்தமாக்கப்பட்டது என்று எண்ணுங்கள். முதலில் உங்கள் மாணவர் குழுவையே எண்ணுங்கள். பெயர் எழுத வேண்டாம். பிறகு, ஏன் தவறுகிறது என்று கேளுங்கள். அற்ககோல் திரவம் கட்டிலிலிருந்து தூரத்தில் இருப்பதே காரணமாக இருக்கலாம். திரவத்தால் தேய்க்க 20 முதல் 30 செக்கன் போதும். ஆனால் போத்தலைத் தேடி நடக்க யாருக்கும் நேரமில்லை. போத்தலின் இடத்தை மாற்றி, இரண்டு வாரத்தின் பின் மறுபடி இருபது எண்ணுங்கள். கூடவில்லையென்றால் காரணம் வேறு, மறுபடி கேளுங்கள்.

இங்கே ஒரு வரலாற்றையும் நினைவில் வையுங்கள். கிறீன் இங்கு வந்த அதே 1847இல், வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற வைத்தியர், பிரேதப் பரிசோதனையிலிருந்து பிரசவ வாட்டுக்கு வரும் மாணவரைக் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். சித்திரையில் நூற்றுக்கு ஏறத்தாழ 18 ஆக இருந்த தாய்மாரின் மரணம் சில மாதங்களில் 2 அளவுக்கு இறங்கியது. ஆயினும் தன் கண்டுபிடிப்பை நூலாக அவர் வெளியிட்டது 1861இல்தான். ஏற்க மறுத்தவர்களோடு கடுமையாக மோதினார். பலர் கடைசிவரை ஏற்கவில்லை. இலக்கங்கள் அவர் பக்கம் இருந்தும் ஆட்கள் சேரவில்லை. ஆகவே நீங்கள் எண்ணிய இலக்கத்தை மற்றவரிடம் காட்டும்போது, குற்றம் சொல்லும் தொனி ஒரு துளியும் கலவாதிருக்கட்டும். மாற்றத்தை யோசித்ததில் தாதியருக்கும் சிற்றூழியருக்கும் பங்கிருந்தால் அதை அவர்கள் முன்னிலையிலேயே சொல்லுங்கள்.

ஏழாம் படி: கேட்டறியுங்கள்

ஒவ்வொரு வாட்டுப் பயிற்சியும் முடியும் நாளில், உங்களோடு வேலை செய்த மூவரிடம் “நான் எதை வித்தியாசமாகச் செய்திருக்கலாம்?” என்று கேளுங்கள். அந்த மூவரில் ஒருவர் மாணவராகவும் ஒருவர் தாதியாகவும் இருக்கட்டும். பதிலுக்கு நியாயம் சொல்லாமல் நன்றி மட்டும் சொல்லி, அதை முதல் வாரத்தில் தொடங்கிய கொப்பியிலேயே எழுதிவையுங்கள். அடுத்த வாட்டுக்குப் போகும் காலையில் அந்தப் பக்கத்தை முதலில் திறவுங்கள்.