காட்டுயிர்ப் படிப்புக்கு உதவித்தொகை: எங்கே தேடுவது, எப்படிப் பெறுவது

காட்டையும் காட்டுயிரையும் படிக்க ஆசைப்படும் ஏழை வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியில் முதலில் தேடுவது 'காட்டுயிர்ப் பாதுகாப்புக்கான உதவித்தொகை' என்ற பெயரைத்தான். அப்படித் தேடினால் வெளிநாட்டு அறக்கட்டளைகளின் பக்கங்கள் வரிசையாக வந்து நிற்கும். அவற்றில் பெரும்பாலானவை முதுநிலைப் படிப்பை முடித்துக் களத்தில் இறங்கிவிட்டவர்களுக்கு உரியவை. பிளஸ் டூ முடித்த தமிழ்நாட்டு மாணவரின் கைக்கு எட்டும் பணம் வேறு பெயர்களில் இருக்கிறது. எந்தச் சாதி, குடும்ப வருமானம் எவ்வளவு, படித்தது அரசுப் பள்ளியா, வீட்டில் முதன்முதலில் பட்டம் பெறப்போகிறவரா என்ற நான்கு கேள்விகளின் வழியாகவே அது வருகிறது. யானையைப் பற்றியோ அலையாத்திக் காட்டைப் பற்றியோ அந்த விண்ணப்பத்தில் ஒரு வரிகூட எழுத வேண்டியிருக்காது.

ஆயினும் எந்தப் படிப்பில், எந்தக் கல்லூரியில், எந்தச் சேர்க்கை முறையில் நுழைகிறோம் என்பதே எந்தப் பணம் வரும், எவ்வளவு வரும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகையால் உதவித்தொகை பற்றிய யோசனையைச் சேர்க்கை முடிந்த பிறகு தொடங்குவது காலம் கடந்த செயல்.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது

மேட்டுப்பாளையத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வனக் கல்லூரி இருக்கிறது. அங்குள்ள நான்காண்டு வனவியல் இளநிலைப் படிப்புக்குப் பல்கலைக்கழகக் கலந்தாய்வு வழியாகவே சேர்க்கை நடைபெறுகிறது. இது தொழிற்படிப்பு என்பதால், அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2021-இல் சட்டமான 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு இதற்கும் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து இந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுபவருக்குக் கற்பிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. ஏழை மாணவருக்கு இதைவிட நல்ல வழி இந்தத் துறையில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இந்த ஒதுக்கீட்டுக்குள் வராதவர்கள் முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருந்தால் கற்பிப்புக் கட்டணச் சலுகை கேட்கலாம். அதற்கு வருமான வரம்பு கிடையாது. ஆனால் ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே அது கிடைக்கும் என்பதால், அக்கா ஏற்கெனவே பட்டம் பெற்றிருந்தால் தம்பி அதைக் கேட்க இயலாது.

காட்டுயிரியலை நேரடியாகப் படிக்க விரும்புவோருக்கு உதகமண்டலம் அரசு கலைக் கல்லூரியும் மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தலில் உள்ள ஏ.வி.சி. கல்லூரியும் நெடுங்காலமாக அறியப்பட்ட இடங்கள். அரசுக் கலைக் கல்லூரிகளில் கட்டணம் மிகக் குறைவு. செலவெல்லாம் தங்குவதிலும் உண்பதிலும்தான். குளிர்க்காலத்தில் உதகையில் தங்கிப் படிக்க ஒரு நல்ல கம்பளியும் இரண்டு ஸ்வெட்டரும் வேண்டும் என்பதை எந்த உதவித்தொகைப் படிவமும் கணக்கில் கொள்வதில்லை.

கைக்கு எட்டும் உதவித்தொகைகளுள் பெரியது, ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக், அதாவது பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான உதவித்தொகைதான். பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதிருக்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கான திட்டத்தில் கட்டாயக் கட்டணங்கள் போக, கல்விப் படி என்று ஒரு தொகையும் ஆண்டுக்கு ஒரு முறை வருகிறது. 2021-இல் வந்த வழிகாட்டு நெறிகளின்படி, தொழிற்படிப்பு படிக்கும் விடுதி மாணவருக்கு இது 13,500 ரூபாய், வீட்டிலிருந்து வந்து போகிறவருக்கு 7,000 ரூபாய். சாதாரணப் பட்டப்படிப்போ முதுநிலைப் படிப்போ படிக்கும் விடுதி மாணவருக்கு 6,000 ரூபாயும், வீட்டிலிருந்து வந்து போகிறவருக்கு 3,000 ரூபாயும்தான். வனவியலுக்கும் விலங்கியலுக்கும் இடையே இந்த ஒரு தலைப்பிலேயே விடுதி மாணவருக்கு ஆண்டுக்கு 7,500 ரூபாய் வேறுபாடு வந்துவிடுகிறது. முன்பு கல்விச் சுற்றுலாவுக்கும் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்வதற்கும் தனித்தனியாகத் தரப்பட்ட சிறு தொகைகள் இப்போது இந்தப் படிக்குள்ளேயே அடங்கிவிட்டன. ஆகவே களப்பயணத்துக்கான பேருந்துச் செலவும், அட்டைக்கடியைத் தடுக்கும் நீண்ட காலுறையும், பறவைக் கையேடும் இதிலிருந்தே வாங்கப்பட வேண்டும். பைனாகுலரைத் துறையில் கேட்டு வாங்கிப் பயன்படுத்துவதே நல்லது.

இங்கே இரண்டு குழிகள் இருக்கின்றன. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்கு இந்த உதவித்தொகை கிடையாது. கலந்தாய்வில் ஓர் இடம் கையில் இருக்கும்போது, வீட்டுக்கு அருகில் இருக்கிறது என்பதற்காக ஒரு தனியார் கல்லூரியின் நிர்வாக இடத்தை ஏற்பது இந்தப் பணம் முழுவதையும் கைவிடுவதாகும். இரண்டாவது குழி பலருக்குத் தெரிவதில்லை. ஒரு நிலையில் ஒரு பட்டம் பெற்றவர் அதே நிலையில் வேறு பாடத்தில் இன்னொரு பட்டம் படித்தால் அதற்கு உதவித்தொகை தரப்படாது. விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்த பிறகு காட்டுயிரியலில் இரண்டாவது எம்.எஸ்ஸி. படிக்கலாம் என்று நினைப்பவர்கள் இந்தத் துறையில் நிறையப் பேர். அந்த இரண்டாவது படிப்பு முழுக்கச் சொந்தச் செலவில் நடக்க வேண்டியிருக்கும். எனவே முதுநிலைக்கு எங்கே போவது என்பதைப் பி.எஸ்ஸி. மூன்றாம் ஆண்டிலேயே முடிவு செய்ய வேண்டும்.

இதை ஒட்டியே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்திய வனப் பணித் தேர்வு எழுத விரும்புகிறவர் விலங்கியல், தாவரவியல், வேதியியல், நிலப்பொதியியல் (ஜியாலஜி; புவியியல் அன்று), கணிதம், இயற்பியல், புள்ளியியல், கால்நடைப் பராமரிப்பு ஆகியவற்றில் ஒன்றைப் பாடமாகக் கொண்ட பட்டமோ, வேளாண்மை, வனவியல், பொறியியல் ஆகியவற்றில் ஒரு பட்டமோ பெற்றிருக்க வேண்டும். சுற்றுச்சூழல் அறிவியல் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு நிலைக்கு ஒரு முறைதான் உதவி கிடைக்கும் என்னும்போது, பட்டத்தின் பெயரையும் பாடத்திட்டத்தையும் சேர்வதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபின மாணவர்களுக்கும் மாநில அரசின் உதவித்தொகை உண்டு. அதற்கான விண்ணப்பத்தையும் கல்லூரி வழியாகவே கொடுக்க வேண்டும். எந்தப் பிரிவினராயினும், அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியின் தமிழ்வழி வகுப்பிலோ ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்கள் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் பெறலாம். வேறு உதவித்தொகை பெறுவது இதற்குத் தடையாகாது. மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகை அப்படியன்று. பிளஸ் டூ மதிப்பெண் வரிசையில் முதல் 20 விழுக்காட்டுக்குள் வந்து, குடும்ப வருமானம் 4.5 இலட்சத்துக்குள் இருப்பவருக்கு அது இளநிலையில் ஆண்டுக்கு 12,000 ரூபாய் தருகிறது; ஆனால் வேறு உதவித்தொகையோ கட்டண விலக்கோ பெறுகிறவருக்கு அது இல்லை. இதற்கும் வேறோர் உதவித்தொகைக்கும் தகுதி இருந்தால் கணக்குப் போட்டுப் பார்த்துப் பெரியதை வைத்துக்கொள்ள வேண்டும்.

சான்றிதழ்கள்

வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்கே செல்லும் என்பதால் அதை மே மாதத்தில் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுவது நல்லது. ஜூன் பிறந்துவிட்டால் ஊரிலுள்ள எல்லாப் பெற்றோரும் கிராம நிர்வாக அலுவலரின் வாசலில் நிற்பார்கள்.

பழங்குடியினருக்குச் சாதிச் சான்றிதழ் தனிக் கதை. பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியர் தரும் சான்றிதழே போதும். பழங்குடியினருக்கு வருவாய்க் கோட்டாட்சியர் நிலையில் உள்ள அலுவலர்தான் தர வேண்டும். 1989 நவம்பரில் இந்த மாற்றம் வந்தது. அதற்கு முன் வட்டாட்சியர் கொடுத்தவை செல்லும். 1994-இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, சான்றிதழின் உண்மைத்தன்மையை ஆராயும் குழுக்களும் ஏற்பட்டன. போலிகளைத் தடுக்கப் பிறந்த ஏற்பாடுதான். ஆனால் காட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த இருளர், காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளை, காட்டைப் பற்றிப் படிப்பதற்குத் தான் பழங்குடி என்பதை நிரூபிக்கக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு மாதக்கணக்கில் நடக்க நேர்வதும் இதன் விளைவே. இதற்குச் செய்யக்கூடியது, பதினொன்றாம் வகுப்பிலேயே விண்ணப்பிப்பது. தந்தை, தந்தையின் உடன்பிறந்தார், தாத்தா ஆகியோரில் யாரிடம் சான்றிதழ் இருந்தாலும் அதன் நகலையும், அவருக்கும் மாணவருக்கும் உள்ள உறவைக் காட்டும் குடும்ப அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ் போன்றவற்றையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். ஒப்புகைச் சீட்டின் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால் பிறகு முறையிடுவது எளிது.

பணம் வந்து சேரும் கணக்கு

விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகும் பணம் வராமல் போவதற்கு நான் பார்த்த வரையில் வங்கிக் கணக்கே முதல் காரணம். கூடலூர்ப் பக்கத்து மாணவி ஒருவர் இரண்டு பருவங்கள் பணம் வராமல், வங்கிக்குப் போய்க் கேட்டுக்கொண்டே இருந்தார். 'ஆதார் இணைத்தாயிற்று' என்று ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. அது பொய்யுமன்று. கணக்கு வைத்திருப்பவரின் அடையாளத்துக்காக ஆதாரைச் சேர்ப்பது ஒன்று. அரசின் பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்று தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் (என்பிசிஐ) பதிவேட்டில் ஆதாரைச் சேர்ப்பது வேறொன்று. இரண்டாவதைத் தனியாக எழுதிக் கேட்டால்தான் செய்வார்கள். ஆதார் இணையதளத்தில் தம் எண்ணைக் கொண்டு நுழைந்து, வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த வங்கி பதிவாகியிருக்கிறது என்பது தெரியும். அந்த மாணவியைப் பொறுத்தவரை, பள்ளியில் படிக்கும்போது தொடங்கி அவரே மறந்துவிட்ட வேறொரு கணக்கு அங்கே பதிவாகியிருந்தது. அதுவோ பல ஆண்டுகளாக வரவு செலவின்றிச் செயலிழந்து கிடந்தது.

பள்ளிக் காலத்தில் தொடங்கப்பட்ட கணக்கில் பதினெட்டு வயது நிறைந்ததும் புதிய கையொப்பமும் ஆவணமும் கொடுக்க வேண்டியிருக்கிறது. மலைக் கிராமங்களில் வங்கி தொலைவாக இருந்தால் அஞ்சல்துறையின் பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கை அஞ்சல்காரரிடமே தொடங்கலாம்; ஆதார் பதிவையும் அப்போதே கேட்டுச் செய்துகொள்ளலாம்.

பெயரும் அடிக்கடி இடறுகிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் 'செல்வி மு', ஆதாரில் 'செல்வி முருகன்', வங்கியில் 'மு. செல்வி' என்று இருந்தால் நமக்கு மூன்றும் ஒருவர்தான். கணினிக்கு மூன்று பேர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளதை அடிப்படையாகக் கொண்டு மற்றவற்றைத் திருத்த வேண்டும். கல்லூரியில் சேர்ந்ததும் யூமிஸ் எண்ணை, அதாவது மாநில அரசின் கல்லூரி மாணவர் பதிவேட்டில் தரப்படும் எண்ணைக் கேட்டு வாங்கி, அதில் பெயரும் சேர்க்கை முறையும் விடுதி விவரமும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். விடுதியில் தங்குகிறவரை வீட்டிலிருந்து வருபவராகப் பதிந்துவிட்டால் படி பாதியாகிவிடும்.

மாநிலத்துக்கு வெளியே, முனைவர் பட்டம், வெளிநாடு

டேராடூனிலுள்ள இந்திய வனவுயிர் நிறுவனத்துக்கோ, இரண்டாண்டுக்கு ஒரு முறை காட்டுயிரியல் முதுநிலைக்கு ஆள் எடுக்கும் பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்துக்கோ சென்றாலும் போஸ்ட் மெட்ரிக் விண்ணப்பத்தைத் தமிழ்நாட்டுக்கே அனுப்ப வேண்டும். மாணவரின் சொந்த மாநிலமே அதைத் தருகிறது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அகில இந்திய ஒதுக்கீட்டில் வேறு மாநிலத்தில் வனவியல் படிக்கச் செல்கிறவர்களுக்குத் தேசியத் திறன் உதவித்தொகை உண்டு.

முனைவர் பட்டத்துக்கு வாசல் நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வு. சுற்றுச்சூழல் அறிவியல் தனிப் பாடமாகவே யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) நெட்டில் இருக்கிறது. சூழலியல் படித்தவர்கள் சிஎஸ்ஐஆர் (அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் கழகம்) நெட்டில் உயிர் அறிவியல் தேர்வையும் எழுதலாம். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய்; இரண்டு ஆண்டுகளுக்குப் பின் முதுநிலை ஆய்வாளராக உயர்ந்ததும் 42,000 ரூபாய். அதில் இடம் கிடைக்காத பட்டியல் சாதி மாணவர்களுக்கு ஆண்டுக்கு 2,000 தேசிய உதவித்தொகைகளும், பழங்குடியினருக்கு 750-உம் தனியே இருக்கின்றன. இந்தப் பணம் மாதந்தோறும் ஒழுங்காக வரும் என்று நம்பிக் களத்தில் வாடகைக்கு வீடு எடுத்துவிடக் கூடாது. சில மாதச் செலவுக்குக் கையில் இருப்பு வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும்.

வெளிநாட்டுக்குத் தேசிய அயலகக் கல்வி உதவித்தொகை முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் 125 இடங்கள் தருகிறது. 35 வயதுக்குள், 60 விழுக்காடு மதிப்பெண்ணோடு, 8 இலட்சத்துக்கு மேற்படாத குடும்ப வருமானம் உள்ள பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற வேளாண் தொழிலாளர், மரபுக் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம். தமிழ்நாடு அரசும் ஆதிதிராவிட, பழங்குடியின மாணவர்களுக்கு இத்தகைய திட்டமொன்றை நடத்துகிறது. பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம் கையில் இல்லாமல் இவற்றில் எதுவும் நகராது என்பதால், அதற்கான முயற்சியை ஓராண்டுக்கு முன்பே தொடங்க வேண்டும்.

தொடக்கத்தில் சொன்ன வெளிநாட்டு அறக்கட்டளைகளுக்கு இந்தக் கட்டத்தில்தான் வேலை வருகிறது. ரஃபோர்டு போன்றவை களப்பணிக்குச் சிறு நிதி தருகின்றன. அதற்கு விண்ணப்பிக்கும்போது எந்த உயிரினம், எந்த இடம், என்ன அச்சுறுத்தல், அவ்வூர் மக்களுக்கு இதில் என்ன பங்கு என்பதைத் தெளிவாக எழுத வேண்டும்; காட்டோரத்தில் வளர்ந்தவர்கள் இதை நன்றாக எழுதுகிறார்கள். செலவுப் பட்டியலில் ஜீப் வாடகை, களஉதவியாளர் ஊதியம், மின்கலங்கள் என்று ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். வனத்துறையின் ஆய்வு அனுமதிக்கு முதலில் விண்ணப்பித்துவிட்டு, அந்த விவரத்தையும் அதில் குறிப்பிட்டுவிட வேண்டும்.