அம்மா பெயரில் போட்ட சிபிஎஃப் நியமனம் இன்னும் செல்லுமா?

"உயில் எழுதுகிற அளவுக்கு நம்மிடம் என்ன இருக்கிறது?" சிங்கப்பூரில் நம்மவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தாலே முதலில் வருகிற பதில் இதுதான். கடன் முடியாத நான்கறை வீடு, சிபிஎஃப் என்கிற கட்டாய ஓய்வுக்காலச் சேமிப்பு, ஒரு காப்புறுதி, ஊரில் அப்பா விட்டுப்போன கொஞ்சம் நிலம். வசதியானவர்கள் வீட்டில் பணம் சில மாதம் முடங்கினாலும் சமாளித்துக்கொள்வார்கள். ஒரே சம்பளத்தில் ஓடுகிற வீட்டில் சம்பாதிப்பவர் இறந்து, அவர் தனிப் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்கு நின்றுபோனால், அடுத்த மாத மின்சாரக் கட்டணத்துக்கே கைமாற்று வாங்க வேண்டியிருக்கும். அதனால் இது நமக்குத்தான் முதலில் தேவை.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் முதல் வேலையில் சேர்ந்தபோதே, தனக்குப் பிறகு சிபிஎஃப் பணம் முழுவதும் அம்மாவுக்குப் போக வேண்டும் என்று நியமித்துவிட்டார். அப்புறம் கல்யாணம், இரண்டு பிள்ளைகள். போன மாதம் மதிய உணவு நேரத்தில் பேச்சுவாக்கில் "அம்மாவுக்கு நான் எழுதி வச்சுட்டேன்" என்றார். அரசாங்கச் சேவைகளுக்கான மின் அடையாளமான சிங்பாஸில் நுழைந்து பாருங்கள் என்றேன். பார்த்தார், செல்லுபடியாகும் நியமனம் எதுவும் இல்லை. திருமணம் ஆனதுமே பழைய நியமனம் ரத்தாகிவிடும் என்பது அவருக்குத் தெரியாது. சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு 74 வயது, வருமானம் கிடையாது, இவரோடுதான் இருக்கிறார்.

நியமனமோ உயிலோ இல்லாமல் ஒருவர் போய்விட்டால் சட்டம் பங்கு பிரிக்கும்: மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி. பிள்ளைகள் இருந்தால் பெற்றோருக்கு ஒன்றும் இல்லை. பிள்ளைகள் இல்லாவிட்டால் மட்டும் மனைவிக்குப் பாதி, பெற்றோருக்குப் பாதி. அம்மா யாரோடு இருந்தார், யார் அவருக்கு மருந்து வாங்கிக் கொடுத்தார் என்றெல்லாம் சட்டம் கேட்காது. முஸ்லிம்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்களுக்கு ஃபராயிட் என்கிற இஸ்லாமிய வாரிசுரிமை முறை. அதில் பிள்ளைகள் இருந்தாலும் தாய்க்கு ஆறில் ஒரு பங்கு உண்டு, உயிலால் எழுதக்கூடியது மூன்றில் ஒரு பங்கு வரைதான்.

சரி, எங்கே தொடங்குவது? சிபிஎஃப் நியமனத்தில் தொடங்குங்கள், ஏனென்றால் உயிலில் என்ன எழுதினாலும் சிபிஎஃப் சேமிப்பை அது கட்டுப்படுத்தாது, பலர் தவறவிடுவது இதைத்தான். சிபிஎஃப் இணையத்தளத்தில் சிங்பாஸ் வழியாகவே செய்யலாம், கட்டணம் இல்லை. யாருக்கு எத்தனை விழுக்காடு என்று போட வேண்டும், 21 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள் வேண்டும், பணம் பெறப்போகிறவர் சாட்சியாக இருக்க முடியாது. நியமனம் இல்லையென்றால் பணம் பொது அறங்காவலர் அலுவலகத்துக்குப் போய், கட்டணம் கழித்து, மேலே சொன்ன கணக்குப்படி பிரியும். இன்னொன்று, கல்யாணம் நியமனத்தை ரத்து செய்யும், ஆனால் விவாகரத்து ரத்து செய்யாது. பிரிந்து பல வருடம் ஆனவர்கள் இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்து வீடு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து முழு உரிமையாளர்களாக இருந்தால் ஒருவருக்குப் பிறகு மற்றவருக்கு வீடு தானாகப் போகும், உயில் அதை மாற்ற முடியாது. தனித்தனிப் பங்காக எழுதியிருந்தால் அவரவர் பங்கு உயில்படி போகும். உங்கள் வீடு எந்த வகை என்று தெரியாவிட்டால் முதலில் அதைக் கண்டுபிடியுங்கள்.

உயில் எழுத 21 வயது ஆகியிருக்க வேண்டும். எழுத்தில் இருக்க வேண்டும், கடைசியில் உங்கள் கையெழுத்து, அதை இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சிக்கோ சாட்சியின் கணவன் மனைவிக்கோ எழுதிய பங்கு செல்லாது, ஆகவே மருமகனைக் கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்கிவிட்டு மகளுக்கு எழுதிவைக்காதீர்கள். கல்யாணத்துக்கு முன் எழுதிய உயிலும் பொதுவாகக் கல்யாணத்தோடு ரத்தாகிவிடும். சின்னப் பிள்ளைகள் இருந்தால், இருவருமே இல்லாமல் போனால் யார் வளர்ப்பது என்பதையும் அதில் எழுதலாம். எனக்குச் சொத்தை விட இதுதான் பெரிதாகத் தெரிகிறது. வரியை நினைத்துப் பயப்பட வேண்டாம், மரணச் சொத்து வரியைச் சிங்கப்பூர் 2008-லேயே எடுத்துவிட்டது.

உயிரோடு இருக்கும்போதே வரும் சிக்கலும் உண்டு. பக்கவாதமோ மறதி நோயோ வந்து முடிவெடுக்க முடியாமல் போனால், மனைவி என்பதற்காக மட்டும் உங்கள் தனிக் கணக்கில் அவர் கைவைக்க முடியாது. அதற்குத்தான் எல்பிஏ, அதாவது நமக்குப் பதில் முடிவெடுக்க ஒருவரை முன்கூட்டியே நியமிக்கும் பத்திரம். இணையத்தில் எழுதி, வழக்கறிஞரையோ அதற்கென அங்கீகாரம் பெற்ற மருத்துவரையோ நேரில் பார்த்துச் சான்று வாங்க வேண்டும். அது இல்லையென்றால் குடும்பம் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், செலவும் அலைச்சலும் பல மடங்கு.

அப்புறம் ஊர் நிலம். அதற்கு இந்தியச் சட்டம்தான். உயில் எழுதாத இந்து ஆணின் பெயரில் உள்ள நிலத்தில், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாய்க்கும் மனைவி பிள்ளைகளோடு சமபங்கு உண்டு. அதே மனிதர், அதே அம்மா: இங்கே ஒன்றுமில்லை, அங்கே ஒரு பங்கு. பட்டா யார் பெயரில் இருக்கிறது, பத்திரம் எங்கே இருக்கிறது என்று ஊரில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

எழுதிய உயிலை உங்கள் தனிப் பெயரில் உள்ள வங்கிப் பெட்டகத்தில் வைக்காதீர்கள், பெட்டகத்தைத் திறக்கவே வீட்டார் அலைய வேண்டியிருக்கும். என் உயில் வீட்டில் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கும் நீலக் கோப்பில் இருக்கிறது. என் மனைவிக்கும் தங்கைக்கும் அந்த இடம் தெரியும்.