கண்ட்ரோல் சி அடிச்சும் ஸ்கிரிப்ட் நிக்கலயா, இத பாருங்க

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல பசியாறிக்கிட்டே பேக்கப் ஸ்கிரிப்ட் ஓட்டுனேன், நிறுத்த கண்ட்ரோல் சி அடிச்சா இந்த ஃபைல விட்டுட்டு அடுத்த ஃபைலுக்கு போகுது, தே தாரிக் டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

அந்த கீய பிடிக்கிறது ஷெல் (நம்ம கட்டளைகள வாங்கி ஓட்டுற புரோகிராம், பாஷ் அதுல ஒண்ணு) இல்லங்க, கெர்னல்ல, அதாவது சிஸ்டத்தோட மையத்துல இருக்கிற டெர்மினல் டிரைவர், அது ஃபோர்கிரவுண்ட்ல, அதாவது டெர்மினல்ல இப்போ முன்னணியில ஓடுற குரூப்புல எல்லா புரோசஸுக்கும் (ஓடிக்கிட்டிருக்கிற புரோகிராம்) சிக்இண்ட், அதாவது 'நிறுத்து'னு சொல்ற 2ஆம் நம்பர் சிக்னல அனுப்பும், ஸ்கிரிப்டுக்கும் சேர்த்துதான். ஆனா பாஷ் உடனே சாகாது, உள்ள ஓடுற புரோகிராம் முடியட்டும்னு காத்திருந்து, அது சிக்னலால செத்திருந்தா தானும் நிக்கும், சிக்னல பிடிச்சு சாதாரணமா எக்ஸிட் ஆயிருந்தா அடுத்த வரிக்கு போயிடும். சிக்இண்டால செத்த மாதிரி காட்டுற 130னு எக்ஸிட் கோட் (முடியும்போது புரோகிராம் குடுக்கிற நம்பர்) குடுத்து ஏமாத்தவும் முடியாது லா.

அதனால சிக்னல நீங்க ட்ராப் (சிக்னல் வந்தா என்ன செய்யணும்னு ஸ்கிரிப்ட்ல எழுதுற கட்டளை) போட்டு பிடிச்சா, அந்த ட்ராப்ல முதல்ல டெம்ப் ஃபைல அழிங்க, அப்புறம் ட்ராப்ப பழைய நிலைக்கு மாத்துங்க, கடைசியா உங்க புரோசஸுக்கே திரும்ப சிக்இண்ட் அனுப்பிக்குங்க. நிறைய பேர் இந்த கடைசி வேலைய மறந்துடுறாங்க, நானும்தான்.

அவசரம்னா கண்ட்ரோல் இசட் அடிச்சு தூங்க வச்சிட்டு, ஷெல் காட்டுற ஜாப் நம்பர் போட்டு கில் பண்ணுங்க. உடனே கொல்ற 9ஆம் நம்பர் சிக்னல மட்டும் எடுத்தவுடனே தூக்காதீங்க, அத எந்த ட்ராப்பும் பிடிக்க முடியாது, குப்பையெல்லாம் அப்படியே கிடக்கும்.