முயல் இனப்பெருக்கம்: இளையர் திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முயல்களை இனப்பெருக்கம் செய்வதை ஓர் இளையர் திட்டமாக மேற்கொள்ள விரும்புவோர் இங்கே சிங்கப்பூரில் அமெரிக்காவின் ‘ஃபோர்-எச்’ இளையர் மன்றங்களின் வழிகாட்டிகளை நாடுவதுண்டு. அவை கவனமாக எழுதப்பட்டவை என்பதில் ஐயமில்லை. ஆனால் வீட்டுக்குப் பின்னால் தோட்டம், வெளியில் மரக்கூண்டு, ஆண்டில் சில மாதங்களாவது குளிர், மிஞ்சும் குட்டிகளை இறைச்சிக்குக் கொடுக்கும் வழக்கம் ஆகியவை இருக்கும் ஊருக்காக அவை எழுதப்பட்டன. இவற்றில் ஒன்றும் இல்லாத வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் அந்த வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றுவதே முதல் தவறு. மற்றவற்றில் பல அதிலிருந்தே பிறக்கின்றன.

குட்டிகள் எங்கே போகும் என்ற கேள்விக்கு விடை கிடைக்கும் முன் முயல்களை இணைசேர்க்கக் கூடாது. ஓர் ஈற்றில் நான்கு முதல் எட்டுக் குட்டிகள்வரை பிறக்கலாம். நன்றாகப் பராமரிக்கப்படும் முயல் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வாழும். “பள்ளி நண்பர்கள் வாங்கிக்கொள்வார்கள்” என்பது திட்டமாகாது. நண்பர் தலையசைப்பது போதாது. அவருடைய பெற்றோரின் சம்மதம் கையில் இருக்க வேண்டும். வளர்க்க முடியவில்லை என்று முயலைப் பூங்காவிலோ புல்வெளியிலோ விட்டுவிடுவது சட்டப்படி குற்றம்: 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். குட்டிகளை விற்கும் எண்ணம் இருந்தால், உரிமம் தேவையா என்பதைத் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குநல மருத்துவச் சேவையிடம் முன்கூட்டியே எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தத்தெடுக்க வீடுகள் கிடைக்கவில்லை என்றால், கருத்தடை செய்த இரண்டு முயல்களை நன்றாக வளர்த்துக் குறிப்பேடு எழுதுவதும் முழுமையான திட்டமே. என் கருத்தில், இங்குள்ள பெரும்பாலான மாணவர்களுக்கு அதுவே பொருத்தமானது.

அடுத்த தவறு வெப்பத்தைக் குறைத்து மதிப்பிடுவது. முயலுக்கு ஏற்ற வெப்பநிலை ஏறத்தாழ 15 முதல் 20 டிகிரி செல்சியஸ். நம் ஊரின் பகல் வெப்பமோ 31, 32 டிகிரியை எளிதாகத் தொடுகிறது. முயலின் உடல் ஏறக்குறைய வியர்ப்பதே இல்லை. காதுகளின் வழியாகவே அது பெருமளவு வெப்பத்தை வெளியேற்றுவதால், மின்விசிறிக் காற்று மனிதருக்கு உதவும் அளவுக்கு அதற்கு உதவாது. நீண்ட வெப்பம் ஆண்முயலைப் பல வாரங்களுக்குத் தற்காலிகமாக மலடாக்கும் என்பதையும் அறியாமல், இணைசேர்ந்தும் கருத்தரிக்கவில்லை என்று பெண்முயலின்மேல் பழிபோட்டு மீண்டும் மீண்டும் இணைசேர்ப்பவர்கள் உண்டு. நிறைசினையான முயலுக்கு வெப்பம் உயிருக்கே ஆபத்து. எனவே கூண்டை வெயில் விழும் சமையலறைப் பின்பகுதியில் வைக்காமல், குளிரூட்டி உள்ள அறையில் வைத்து, படுக்கக் குளிர்ச்சியான ஒரு தரை ஓடும், துணியில் சுற்றிய உறைநீர்ப் புட்டியும் தர வேண்டும். பொதுத் தாழ்வாரம் கூண்டுக்கான இடமே அல்ல.

வேண்டாத சினைக்குக் காரணம் பெரும்பாலும் ஆண், பெண் பிரித்தறிவதில் நேரும் பிழை. இளங்குட்டிகள் ஆணா பெண்ணா என்று கண்டறிவது கடினம். “இரண்டும் பெண்” என்று விற்பவர் சொன்னதை நம்பாமல் விலங்கு மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்வதே நல்லது. மூன்று, நான்கு மாதத்திலேயே முயல்கள் இனப்பெருக்கத் திறனை அடையலாம் என்பதால், பத்து முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் ஆணையும் பெண்ணையும் பிரித்துவிட வேண்டும். ஆனால் திறன் வந்துவிட்டது என்பதற்காக இணைசேர்க்கக் கூடாது. சிறிய இனங்களுக்கே ஐந்து, ஆறு மாதமாவது ஆக வேண்டும். இணைசேர்க்கும்போது பெண்ணை ஆணின் கூண்டுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மாறாகச் செய்தால், தன் இடத்தைக் காக்கும் பெண்முயல் ஆணைக் கடிக்கக்கூடும்.

இணை தேர்ந்தெடுப்பதில் அழகு மட்டும் கணக்கில் வந்தால் குட்டிகள் துன்பப்படும். நெதர்லாந்து டுவார்ஃப் போன்ற குள்ள இனங்களில், குள்ளத்தன்மைக்கான மரபணுவைத் தாங்கும் இரண்டு முயல்களை இணைசேர்த்தால், சராசரியாக நாலில் ஒரு குட்டி அந்த மரபணுவை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்று, சில நாள்களிலேயே இறந்துவிடும். பற்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் வளரும் குறையும் வம்சவழியாக வருவதுண்டு. அத்தகைய முயலை இனப்பெருக்கத்திற்குப் பயன்படுத்தவே கூடாது.

சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள். 28ஆம் நாளில் உலர்புல் நிரப்பிய ஈற்றுப் பெட்டியை வைத்தால், தாய் தன் வயிற்று முடியைப் பிடுங்கி மெத்தை அமைத்துக்கொள்ளும். குட்டிகள் பிறந்தபின் பதறுவதுதான் பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தவறு. தாய் பெட்டியின் அருகே வருவதில்லை என்று எண்ணி, பசும்பாலைச் சொட்டுக்குழலில் ஊட்டத் தொடங்கிவிடுகின்றனர். முயல் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு முறை, அதுவும் சில நிமிடங்கள் மட்டுமே, பெரும்பாலும் இரவிலோ விடியலிலோ பாலூட்டும். மற்ற நேரம் விலகியிருப்பது அதன் இயல்பு. நாளுக்கு ஒருமுறை கைகழுவிவிட்டுக் குட்டிகளைப் பார்க்கலாம், தொடலாம்: வயிறு உருண்டு, உடல் வெதுவெதுப்பாக இருந்தால் கவலையில்லை, தோல் சுருங்கிக் குளிர்ந்திருந்தால் மருத்துவரை அழைக்க வேண்டும்.

2020இல் முயல்களின் ரத்தக்கசிவு நோய் என்ற கொடிய வைரஸ் நோய் சிங்கப்பூரில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. ஆகவே தடுப்பூசி குறித்து மருத்துவரிடம் கேட்காமல், வெளியிலிருந்து வரும் முயலைத் தனிமைப்படுத்தாமல் கூண்டில் சேர்ப்பது அபாயமானது.

கடைசியாக ஒன்று. ஈன்ற சில மணி நேரத்திலேயே பெண்முயல் மீண்டும் கருத்தரிக்கக்கூடும். ஆகவே ஈற்றுக்கு முன்பே ஆணை வேறு கூண்டுக்கு மாற்ற வேண்டும். ஆணுக்குக் கருத்தடை செய்தாலும் உடனே சேர்த்துவிடலாகாது. அதன் பிறகும் சில வாரங்களுக்கு அதற்குக் கருவுறச் செய்யும் ஆற்றல் இருக்கலாம் என்பதால், எப்போது சேர்க்கலாம் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.