ஐட்டுரினைத் தேடி: மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் முன் முதல் நாள்

பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவையும் பூஞ்சையையும் ஒரே தட்டில் வளர்த்துப் பாருங்கள். பல நேரங்களில் பாக்டீரியாவைச் சுற்றி ஒரு விரற்கடைத் தூரத்துக்குப் பூஞ்சை அண்டாது. அந்த வெற்றிடத்துக்குக் காரணமான சேர்மங்களில் ஒன்று ஐட்டுரின்: ஏழு அமினோ அமிலங்களும் ஒரு கொழுப்பு அமிலமும் கோத்த வளையம். உங்கள் பாக்டீரியா அதைச் சுரக்கிறதா என்று, மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் வளர்ப்புத் திரவத்தைச் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிப் பாக்டீரியாவை அடியில் தள்ளுங்கள். மேலே நிற்கும் தெளிவில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் துளித்துளியாகச் சேர்த்து, பிஎச் 2-க்கு இறக்கி, 4 டிகிரியில் ஓர் இரவு வையுங்கள். காலையில் வெளுத்த படிவு தங்கியிருக்கும். மீண்டும் சுழற்றி, படிவை மெத்தனாலில் கரைத்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டினால் மாதிரி தயார்.

பாக்டீரியா சேர்க்காத வெறும் வளர்ப்புத் திரவத்துக்கும் இதே வேலையைச் செய்யுங்கள். ஒருமுறை இதைச் செய்யச் சோம்பிவிட்டேன். 44 நிறை அலகு இடைவெளியில் வரிசை கட்டி நின்ற பீக்குகளை (கருவி வரையும் கூர்முனைகளை) புதிய சேர்மம் என்று நம்பி இரண்டு நாள் மிதந்தேன். கடைசியில் அது பாலிஎத்திலின் கிளைக்கால்; கண்ணாடிக் குடுவையில் ஒட்டியிருந்த சோப்பின் மிச்சம்!

அடுத்து, கலவையில் உள்ள சேர்மங்களைப் பிரித்து வெவ்வேறு நேரத்தில் வெளிவிடும் சி-18 நிரல். நீரிலும் அசிட்டோநைட்ரைலிலும் 0.1 சதவீத ஃபார்மிக் அமிலம் கலந்து, அசிட்டோநைட்ரைலின் பங்கைப் படிப்படியாக ஏற்றுங்கள். கருவியை நேர்மின் முறையில் (புரோட்டான் போன்றவற்றைப் பிடித்து நேர்மின் அயனியான மூலக்கூறுகளைப் பார்க்கும் முறை), நிறை-மின்சுமை விகிதம் 500 முதல் 1600 வரை பார்க்கும்படி வையுங்கள்.

இனி பீக்குகள். 14 கார்பன் கொழுப்பு அமிலம் கொண்ட ஐட்டுரின்-ஏ 1043.55-இல் நிற்கும். 22 தள்ளி 1065.53-இல் இன்னொன்று தெரிந்தால், அதே மூலக்கூறு புரோட்டானுக்குப் பதில் சோடியத்தைப் பிடித்திருக்கிறது. அதிலிருந்து 16 தள்ளி 1081.51 என்றால் பொட்டாசியம். 1043.55-இலிருந்து 14 தள்ளி 1057.57 வந்தால் மட்டுமே அது வேறு மூலக்கூறு, ஒரு கார்பன் கூடிய தம்பி. ஒரே ஆளை மூன்று பேராக எண்ணிவிடுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

ஒரு பொறியும் உண்டு. 1057.57-இன் ஐசோடோப்பு பீக் (ஒரு கார்பன் அணு மட்டும் சற்றுக் கனமாக இருக்கும் அதே மூலக்கூறு) 1058.57. இதே பாக்டீரியா சுரக்கக்கூடிய, பூஞ்சையை அவ்வளவாகத் தொடாத சர்ஃபாக்டின் என்ற சேர்மம், 15 கார்பனோடு சோடியத்தைப் பிடித்தால் 1058.67. வித்தியாசம் வெறும் 0.1. நுணுக்கமாகப் பிரிக்காத கருவியில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். நிரலில் இருந்து வெளிவரும் நேரத்தைப் பாருங்கள். சர்ஃபாக்டின் மிகத் தாமதமாகவே வரும்.

சந்தேகம் தீர, அயனியை உடையுங்கள். துண்டுகளுக்கிடையே 163.06 இடைவெளி இருந்தால் அங்கே டைரோசின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. சர்ஃபாக்டினில் டைரோசின் கிடையாது. ஆனால் ஐட்டுரினின் உறவான மைக்கோசப்டிலினில் உண்டு. கொழுப்பு அமிலத்தின் நீளமும் ஒன்றாக இருந்தால், அதன் நிறை ஐட்டுரின்-ஏ-யின் நிறையேதான். கடைசி இரண்டு அமினோ அமிலங்கள் மட்டும் இடம் மாறியிருக்கும். அதனால் 87.03 (செரின்), 114.04 (அஸ்பராஜின்) என்ற இடைவெளிகளில் எது முன்னால், எது பின்னால் என்று பார்க்காமல் பெயர் எழுதாதீர்கள்.